ட்ரம்பெட்டின் உச்சஸ்தாயி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொஞ்ச காலமாக மேற்கத்திய செவ்வியல் இசை கேட்டுவருகிறேன். முறையாகப் படித்ததில்லை, காதால் பழகுவதுதான். பாக்கின் இரண்டாவது பிராண்டன்பர்க் கன்சர்ட்டோவில் (தனி வாத்தியங்களும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ட்ரம்பெட் வயலினுக்கும் மேலே ஏறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்ட காதோடு மொசார்ட்டின் சிம்ஃபனிகளுக்கு வந்தால், அதே ட்ரம்பெட் டிம்பனி முரசோடு சேர்ந்து நாலு முழக்கம் முழங்கிவிட்டு அடங்கிவிடுகிறது. அறுபது எழுபது ஆண்டுகளில் ஒரு வாத்தியம் இப்படிச் சுருங்குமா? வால்வு (விரலால் அழுத்தி ஸ்வரம் மாற்றும் விசை) வருவதற்கு முன்பு ட்ரம்பெட் அரைகுறை வாத்தியமாகத்தான் இருந்தது, அதனால்தான் கிளாசிக்கல் காலத்து மேதைகள் அதை ஒதுக்கினார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியானால் பாக் எப்படி அவ்வளவு எழுதினார்? ஹேய்டனின் ட்ரம்பெட் கன்சர்ட்டோ எங்கிருந்து வந்தது? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். எந்தப் பதிவுகளைக் கேட்கலாம் என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

கே., திருச்சி

அன்புள்ள கே,

அந்தக் காணொளி சொல்லும் கதை பல இடங்களில் உலவுகிறது. கருவி முதலில் குறையோடு பிறந்தது, பிறகு வால்வு வந்து குறை தீர்ந்தது என்பார்கள். நீங்கள் கேட்ட கேள்வியே அந்தக் கதையை உடைத்துவிடுகிறது. பாக்கின் காலத்திலும் வால்வு கிடையாது, மொசார்ட்டின் காலத்திலும் கிடையாது. இருவருக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒரே குழாய். இடைப்பட்ட காலத்தில் தொலைந்தது அதை வாசிக்கும் கலை. கருவியில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே அது தொலைந்தது.

முதலில் அந்தக் குழாயைப் பார்ப்போம். ஏழெட்டு அடி நீளப் பித்தளைக் குழாய், மடித்துக் கட்டியிருப்பார்கள். இன்றைய சாதாரண ட்ரம்பெட்டின் குழாய் ஐந்து அடிக்குள்தான். பழைய குழாயில் விரலுக்கு வேலையே இல்லை. உதடு, மூச்சு, அவ்வளவுதான். குழாய் தன் இயல்பில் தரும் ஸ்வரங்கள் மட்டுமே கிடைக்கும் (நம் கொம்பும் எக்காளமும் இதே விதிப்படிதான் ஒலிக்கின்றன). அந்த ஸ்வரங்கள் கீழ்ஸ்தாயியில் தள்ளித் தள்ளி நிற்கும். அடியில் ச, அதன் மேல் ச, அடுத்து ப, அடுத்து இன்னும் மேல் ச, அப்புறம் க, ப, கொஞ்சம் இறங்கிய ஒரு நி. எட்டாவது ஸ்வரத்துக்குப் போனதும் அவை நெருங்கி வந்துவிடும். ச ரி க ம ப த நி ச என்று முழு வரிசையும் அங்கேதான் கிடைக்கும். எனவே கீழே முழக்கம் மட்டுமே முடியும், ராகம் போல ஒன்றை இழைக்க வேண்டுமென்றால் உச்சிக்குத்தான் ஏற வேண்டும். நீங்கள் கேட்ட ட்ரம்பெட் வயலினுக்கு மேலே பறப்பதற்குக் காரணம் இதுதான். ஆடம்பரத்துக்காக ஏறவில்லை, அதற்குப் பாட இடம் அங்கே மட்டும்தான் இருந்தது.

அந்த உச்சிப் பகுதியைக் கிளாரினோ என்பார்கள். அங்கேயும் எல்லாம் சுத்தமாக வந்துவிடாது. பதினோராவது ஸ்வரம் சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் விழும். பதின்மூன்றாவது, சதுச்ருதி தைவதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். வாசிப்பவர் உதட்டாலேயே இழுத்து இடத்தில் உட்கார வைக்க வேண்டும். பாக் அந்தப் பதினோராவதை ஓர் இடத்தில் ஒரு மத்யமமாகவும் வேறு இடத்தில் மற்ற மத்யமமாகவும் கேட்பார். பக்கத்து ஸ்வரங்கள் ஒட்டியே இருப்பதால் உதடு மயிரிழை பிசகினால் வேறொன்று வந்து விழும். அதனால் அரசவை ட்ரம்பெட் குழுக்களில் உச்சியில் வாசிப்பவர் வேறு, கீழே முழங்குபவர் வேறு. இது ஆண்டுக்கணக்கில் ஒரே ஸ்தாயியில் உழைத்துப் பெற்ற திறமை.

அந்தத் திறமையை ஒரு சமூகமே சேர்ந்து காப்பாற்றியது. 1623இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் ட்ரம்பெட், முரசுக் கலைஞர்களின் சங்கத்துக்குச் சிறப்புரிமை கொடுத்தார். யார் வாசிக்கலாம், எங்கே வாசிக்கலாம், யார் யாருக்குக் கற்பிக்கலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. ட்ரம்பெட் மன்னரின் குரல், போர்க்களத்தின் குரல். கண்டவர் கையில் அது போகக்கூடாது என்பது எண்ணம். இன்று பார்த்தால் கொடுமையான கட்டுப்பாடுதான். ஆனாலும் அந்த வேலிக்குள்தான் கிளாரினோ வளர்ந்தது என்பதை மறுக்க முடியாது.

களத்திலிருந்து கச்சேரிக்கு அது வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டஸ்கனி பிரபுவின் அவையில் இருந்த ஜிரோலமோ ஃபான்டினி 1638இல் வெளியிட்ட பாட நூலிலேயே ட்ரம்பெட்டுக்கான சொனாட்டாக்கள் (வாத்தியத்துக்கென்றே எழுதிய படைப்புகள்) இருக்கின்றன. 1665இல் பொலோன்யாவின் சான் பெட்ரோனியோ பேராலயத்தில் இசைத் தலைவராக இருந்த மௌரிட்ஸியோ கட்ஸாட்டி, ட்ரம்பெட்டும் தந்தி வாத்தியங்களும் சேர்ந்த சொனாட்டாக்களை அச்சிட்டார். அந்தப் பேராலயம் மிகப் பெரியது, ஒலி எளிதில் அடங்காது. அங்கே இசையமைப்பாளர் டோரெல்லி எழுதியவை இன்றும் வாசிக்கப்படுகின்றன. இங்கிலாந்தில் பர்செலின் இசைக்கு ட்ரம்பெட் வாசித்தவர் ஜான் ஷோர், ஹேண்டலின் இசைக்கு வாலன்டைன் ஸ்னோ. சுருதி பார்க்கும் ட்யூனிங் ஃபோர்க்கை 1711இல் உருவாக்கியவர் இந்த ஷோர்தான்.

இந்த வரிசையில் நான் அதிகம் நேசிப்பது காட்ஃப்ரீட் ரைகேயை. 1667இல் பிறந்தவர், லைப்ஸிக் நகரத்தின் வாத்தியக்காரர். பாக் 1723இல் அந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது ரைகேவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாக் லைப்ஸிக்கில் எழுதிய கடினமான ட்ரம்பெட் பகுதிகளில் பல இந்த மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்றே கருதப்படுகிறது. ஹௌஸ்மன் வரைந்த அவருடைய ஓவியம் இருக்கிறது. ஒரு கையில் வளையமாகச் சுருட்டிய ட்ரம்பெட், மறு கையில் இசை எழுதிய ஒரு தாள். 1734 அக்டோபர் 5ஆம் தேதி இரவு, சாக்சனியின் ஆட்சியாளர் ஊருக்கு வந்திருந்தபோது, பாக்கின் புதிய கான்டாட்டா (குரலும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு) ஒன்று திறந்தவெளியில் தீவட்டி வெளிச்சத்தில் அரங்கேறியது. அதில் ரைகே வாசித்தார். மறுநாள் வீட்டுக்குப் போகும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். முந்தைய இரவு வாசித்த சிரமமும் தீவட்டிப் புகையும்தான் காரணம் என்று அந்த ஊரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வயது 67. அந்த வயதில் அந்த உச்சியில் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிராண்டன்பர்க் கன்சர்ட்டோவின் நடுப்பகுதியை இன்னொரு தடவை கேளுங்கள். ட்ரம்பெட் அங்கே இருக்காது. புல்லாங்குழல் வகையான ரெக்கார்டர், ஓபோ, வயலின் மூன்றும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், ட்ரம்பெட் சும்மா இருக்கும். உதட்டுக்கு ஓய்வு வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, விளம்பகாலப் பகுதி வேறு சுருதிக்கும் சோக பாவத்துக்கும் நகர்ந்துவிடுகிறது, அங்கே தேவைப்படும் ஸ்வரங்கள் அந்தக் குழாயில் இல்லை. டெலமான் போலச் சிலர் மெதுவான பகுதியையும் ட்ரம்பெட்டுக்குக் கொடுத்ததுண்டு. அப்போதும் அதன் சொந்தச் சுருதியை விட்டு வெளியே போகமாட்டார்கள்.

1750க்குப் பிறகு ரசனை மாறியது. நாலு குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் பின்னல் போய், ஒரே மெல்லிய ராகம், அடியில் அடக்கமான துணை என்று ஆனது. ராகம் நடு ஸ்தாயிக்கு இறங்கியது. ஒரே பகுதிக்குள் சுருதி பல இடங்களுக்குப் பயணம் போய்த் திரும்பியது. உச்சியில் மட்டும், ஒரே சுருதியில் மட்டும் பாடத் தெரிந்த வாத்தியத்துக்கு அங்கே என்ன வேலை? கீழ்ஸ்தாயி முழக்கம்தான் மிஞ்சியது. கூடவே அரசவைகள் செலவைக் குறைத்தன, ட்ரம்பெட் குழுக்கள் சுருங்கின. குருவுக்கு வேலை இல்லாதபோது சீடன் ஏன் வரப்போகிறான்? யோஹான் எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்க் என்பவர் 1795இல் ட்ரம்பெட் கலை பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பரம்பரை ட்ரம்பெட்காரர். ஆனால் அந்த வேலை கிடைக்காமல் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர். அவர் விவரிக்கும் கலை அப்போதே அவர் கண்முன் மறைந்துகொண்டிருந்தது.

ஒரேயடியாக அணைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சால்ஸ்பர்க்கில் மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட் 1762இல் எழுதிய கன்சர்ட்டோவும், ஹேய்டனின் தம்பி மிஹாயேல் 1760களில் எழுதியவையும் கிளாரினோவின் கடைசிச் சிகரங்கள். மிஹாயேல் கேட்கும் உச்சம் பாக்கையும் தாண்டிப் போகிறது.

மகன் மொசார்ட் பற்றி ஒரு கதை உண்டு. குடும்ப நண்பரும் அரசவை ட்ரம்பெட் கலைஞருமான ஷாஹ்ட்னர், மொசார்ட் இறந்த பிறகு அவருடைய அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் வருவது. ஏறக்குறைய பத்து வயது வரை, தனியாக ஒலிக்கும் ட்ரம்பெட் என்றாலே அந்தப் பையனுக்கு நடுக்கமாம். பயத்தைப் போக்க அப்பா ஒருநாள் எதிரே ஊதச் சொல்ல, பையன் முகம் வெளுத்துச் சரிந்தானாம். இதை வைத்து மொசார்ட் ட்ரம்பெட்டை வெறுத்தார் என்று முடிவுகட்டுகிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். 1768இல், பன்னிரண்டு வயதில், வியன்னாவில் ஓர் அநாதை இல்லத் தேவாலயத் திறப்புக்காக அவர் ட்ரம்பெட் கன்சர்ட்டோ ஒன்று எழுதியதாக அப்பாவின் கடிதமே சொல்கிறது. அது தொலைந்துவிட்டது. பிரச்சினை வெறுப்பு இல்லை, வாசிக்க ஆள் இல்லாததுதான் என்பதற்கு வலுவான சான்று 1789இல் இருக்கிறது. ஹேண்டலின் மெசையாவை வியன்னாவில் நிகழ்த்துவதற்காக அவர் மாற்றி அமைத்தபோது, ட்ரம்பெட் முழங்கும் என்று பாடும் அந்தப் புகழ்பெற்ற பாட்டையே சுருக்கி, ட்ரம்பெட்டின் வேலையில் பெரும்பங்கைக் கொம்பு வாத்தியமான ஹார்னுக்குக் கொடுத்துவிட்டார். 1742இல் டப்ளினில் முதலில் அரங்கேறிய படைப்பு அது. ஐம்பது ஆண்டு கூட ஆகவில்லை, ஐரோப்பாவின் இசைத் தலைநகரில் அதை எழுதியபடி வாசிக்க ஆளைத் தேட வேண்டிய நிலை.

இங்கேதான் அன்டோன் வைடிங்கர் வருகிறார். வியன்னா அரசவை ட்ரம்பெட் கலைஞர். குழாயில் துளையிட்டு, அவற்றின்மேல் மூடிகள் பொருத்தி, விரலால் திறந்து மூடும்படி செய்தார். இந்த யோசனைக்கு முன்னோடிகள் உண்டு, ஆனால் அதை மேடைக்குக் கொண்டுவந்தவர் இவர். வால்வுக்கு ஜெர்மனியில் 1818இல்தான் காப்புரிமை கொடுக்கிறார்கள். ஆக, நீங்கள் கேட்ட ஹேய்டன் கன்சர்ட்டோ வால்வு ட்ரம்பெட்டுக்கு எழுதியதே இல்லை. மூடி வைத்த இந்தக் கருவிக்காக, வைடிங்கருக்காக, 1796இல் எழுதியது. ஹேய்டனுக்கு அப்போது 64 வயது.

முதல் பகுதியின் ஆரம்பத்தை நன்றாகக் கவனியுங்கள். வாத்தியக் குழு ராகத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ட்ரம்பெட் ஒரு நீண்ட ஸ்வரம் ஊதும், பிறகு சின்ன முழக்கம் ஒன்று செய்யும். இரண்டும் பழைய குழாயிலேயே வரக்கூடியவை. கேட்டவர்கள் வழக்கமான ட்ரம்பெட்தானே என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் தனி வாசிப்பு தொடங்கும்போது, எந்த இடத்தில் அந்தக் குழாய்க்கு ஸ்வரமே கிடையாதோ அந்த நடு ஸ்தாயியில் அது படிப்படியாக ஏறிப் பாடும். எவ்வளவு பொறுமையாக அதைக் கட்டியிருக்கிறார் பாருங்கள். இரண்டாம் பகுதி இன்னும் பெரிய விஷயம். பாக் ட்ரம்பெட்டைச் சும்மா உட்கார வைத்த விளம்பகாலத்தில், வேறு சுருதிக்குப் போய், ஹேய்டன் அதைப் பாட வைக்கிறார். நெருக்கமான அரை ஸ்வரங்களில் அது இறங்கி வரும் இடத்தைக் கேளுங்கள். போர்க்களத்துக்கும் மன்னருக்கும் சொந்தமாக இருந்த ஒரு குரல், சாதாரண மனிதன் தன் துக்கத்தைச் சொல்வதைப் போலப் பேசுகிறது. என் கணிப்பில் ஹேய்டனின் கன்சர்ட்டோக்களிலேயே உயர்ந்தது இதுதான்.

1800 மார்ச் 28இல்தான் வைடிங்கர் இதை வியன்னாவில் பொதுமேடையில் வாசித்தார். எஸ்டர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்தின் அவையில் ஹேய்டன் வகித்த பொறுப்புக்கு வந்த ஹும்மல் 1803இல் இன்னொரு கன்சர்ட்டோ எழுதிக் கொடுக்க, அது 1804 புத்தாண்டு நாளில் ஒலித்தது. அத்தோடு சரி. மூடியைத் திறக்கும்போது ஒலி சற்று மங்குவதால் அந்தக் கருவி நிலைக்கவில்லை, வால்வு வந்து அதை ஓரங்கட்டியது. ஹேய்டனின் கன்சர்ட்டோவும் நூறாண்டுக்கு மேல் மறக்கப்பட்டு, 1930களின் கடைசியில் லண்டன் கலைஞர் ஜார்ஜ் எஸ்க்டேல் அதன் கடைசி இரண்டு பகுதிகளை இசைத்தட்டில் பதிந்த பிறகுதான் உலகம் முழுக்கப் போனது.

பதிவுகள் கேட்டீர்கள். இன்று பாக்கை வாசிப்பவர்கள் பெரும்பாலும் பிக்கலோ ட்ரம்பெட் என்ற குட்டிக் கருவியில் வாசிக்கிறார்கள். குழாய் நீளம் பழையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதைப் பிரபலமாக்கியவர்களில் முதன்மையானவர் பிரான்ஸின் மொரீஸ் ஆந்த்ரே. இளம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய ஒலியின் பளபளப்பை யாரும் எட்டியதில்லை, கட்டாயம் கேளுங்கள். பழைய நீளக் குழாயிலும் இப்போது வாசிக்கிறார்கள், ஆனால் பலரும் சுருதி சேர்வதற்காகச் சின்னத் துளைகள் வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் துளை இருபதாம் நூற்றாண்டின் ஏற்பாடு, ரைகேவிடம் கிடையாது. துளையே இல்லாமல் வாசிப்பவர் ழான்-ஃப்ரான்ஸ்வா மதஃப். லா பெடிட் பாண்ட் குழுவோடு அவர் வாசித்த இரண்டாவது பிராண்டன்பர்க்கைத் தேடிப் பிடியுங்கள். ஒலி மென்மையாக இருக்கும், ரெக்கார்டரை அமுக்காது. சில ஸ்வரங்கள் இன்றைய காதுக்குச் சற்று விலகித் தெரியலாம், அதற்காக விட்டுவிடாதீர்கள். பாக் ஏன் இவ்வளவு சன்னமான ரெக்கார்டருக்குப் பக்கத்தில் ட்ரம்பெட்டை வைத்தார் என்பது அந்தப் பதிவில்தான் புரியும்.

ஹேய்டனுக்கு, மூடி வைத்த ட்ரம்பெட்டிலேயே ஃப்ரீடமன் இம்மர் வாசித்து, கிறிஸ்டோபர் ஹாக்வுட் நடத்திய பதிவு இருக்கிறது. முதலில் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள், மூன்று நாலு நிமிடம்தான். பிறகு அதையே விண்டன் மார்சலிஸ் 1980களில் வால்வு ட்ரம்பெட்டில் வாசித்த பதிவில் கேளுங்கள். எனக்கு இம்மரின் பதிவுதான் பிடிக்கும். உங்களுக்கு எது பிடிக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்