தகர ஷெட் தூணுக்கு எவ்வளவு ஆழம் தேவை?

பாலக்கோட்டிலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "தக்காளிப் பெட்டிகள் வைக்க 40 அடி அகலம், 80 அடி நீளத்தில் தகர ஷெட் போடுகிறேன். மூன்று பக்கம் ஷீட் அடைப்பு. லாரி வர ஒரு பக்கம் திறப்பு. 20 அடிக்கு ஒரு தூண். ஷெட் கனமே இல்லை, இரண்டரை அடிக் குழி போதும் என்கிறார் கான்ட்ராக்டர். சில இடங்களில் இரண்டு அடியிலேயே பாறை வருகிறது. என்ன செய்வது?"

கனம் இல்லை என்பதுதான் இங்கே சிக்கலே. ஓட்டு வீட்டின் கூரையை அதன் கனமே பிடித்துக்கொள்ளும். தகரக் கூரைக்கு அந்தக் காப்பு கிடையாது. சித்திரை, வைகாசியில் மழைக்கு முன் சுழன்றடிக்கும் காற்று திறந்த பக்கமாகப் புகுந்து கூரையை உள்ளிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று அதே கூரையை வெளியிலிருந்து உறிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் திறந்த ஷெட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டடங்கள் மீதான காற்று விசைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி (2015) அடிப்படைக் காற்று வேகமாக பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டரும் கோயம்புத்தூருக்கு 39 மீட்டரும் தருகிறது. பாலக்கோட்டுக்குப் பாதுகாப்பாக இரண்டில் பெரியதான 39 என்றே எடுக்கிறேன். அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. உள் தள்ளலும் வெளி உறிஞ்சலும் சேர்ந்து 1.3 மடங்கு என்று கொண்டால் சுமார் 120 கிலோ, அதாவது சதுர அடிக்கு 11 கிலோ. அகலத்தில் பாதி 20 அடி, தூண் இடைவெளி 20 அடி. எனவே ஒரு நடுத்தூணின் பங்கு 400 சதுர அடி. ஆக, அந்தத் தூணை மேலே இழுப்பது ஏறத்தாழ 4.4 டன். ஷீட், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் (பர்லின்), கூரைச் சட்டகம் (ட்ரஸ்) எல்லாம் சேர்ந்து கீழே அழுத்துவது வெறும் 0.8 டன்தான். இரண்டரை அடிக் கனசதுரக் குழியை முழுக்கக் கான்கிரீட்டால் நிரப்பினாலும் ஒரு டன்னைச் சற்றே தாண்டும். மீதியை எது பிடிக்கும்?

ஐந்தடிச் சதுரம், ஐந்தடி ஆழம் தோண்டி, அடியில் ஒன்றேகால் அடிக் கனத்துக்குக் கான்கிரீட் பலகையும் அதன்மேல் தூணைத் தாங்கும் குட்டைக் கான்கிரீட் தூணும் (பெடஸ்டல்) வையுங்கள். அவற்றோடு பலகை மேல் நிற்கும் மண்ணும் சேர்ந்து ஆறரை டன் வரும். பாதுகாப்புக்காகக் காற்று விசையை 1.4 மடங்காக்கி, கூரையையும் சேர்த்த எடையில் 0.9 பங்கை மட்டும் கணக்கில் எடுத்தாலும் இது தாங்கும். பாதி வேலையை மண் செய்வதால், அதை அரையடி அரையடியாகப் போட்டு, நீர் தெளித்து இடித்து நிரப்ப வேண்டும். ஏரிக்கு அருகே நிலமிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. நீரில் மூழ்கிய மண்ணும் கான்கிரீட்டும் எடை குறையும்.

பலரும் தவறவிடுவது பலகையின் மேல்பக்கக் கம்பி. தூண் மேலே இழுக்க, மண் பலகையின் ஓரங்களைக் கீழே அழுத்தும். விரிசல் மேல்முகத்தில் விழும். கீழே மட்டும் கம்பி வலை வைத்துப் பயனில்லை. பெடஸ்டல் கம்பிகள் பலகைக்குள் வளைந்து இறங்க வேண்டும். தூணின் அடித்தகட்டை (பேஸ் பிளேட்) பிடிக்கும் போல்ட் அந்தக் கம்பிகளோடு போதிய நீளம் ஒட்டி ஓட வேண்டும்.

பாறை வந்த குழிகளில் மண்ணின் எடை கிடைக்காது. பாறையில் துளையிட்டு, தூசியை ஊதி எடுத்து, 20 மில்லிமீட்டர் கம்பிகள் நான்கை, சுருங்காத கிரவுட்டில் (துளையை நிரப்பும் சிமெண்ட் கலவை) பதிக்க வேண்டும். கம்பிகளின் மேல்முனை பலகைக் கான்கிரீட்டுக்குள் வளைந்து நிற்க வேண்டும். ஆழத்தைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். நானாக இருந்தால் உறுதியான பாறையில் ஒரு மீட்டருக்குக் குறைய விடமாட்டேன். துரப்பணம் திடீரென வேகமாக இறங்கினால் அடியில் வெடிப்போ மண்ணோ இருக்கிறது. நீங்கள் நிற்பது வெறும் உருண்டைப் பாறையாக இருக்கலாம். அங்கே கம்பி பதிக்காதீர்கள். ஒரு கம்பியையாவது இழுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நான் தந்தது தூக்கு விசைக்கான தோராயம் மட்டுமே. பக்கவாட்டுத் தள்ளலையும் மூலைத் தூண்களையும் பொறியாளர் தனியே பார்க்க வேண்டும். ஷெட் முடிந்தபின் கூரைநீர் வாய்க்காலைத் தூணை ஒட்டித் தோண்ட ஆட்கள் வருவார்கள். பலகை மேலிருக்கும் மண்ணை வெட்டவிடாமல், தூணிலிருந்து மூன்றடியாவது தள்ளித் தோண்டச் சொல்லுங்கள்.