பெண் பிள்ளைகளுக்கான கோடிங் வகுப்பு மூன்றாவது வாரமே காலியாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8-ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கோடிங் சொல்லித்தர ஏற்பாடு செய்திருக்கிறோம். கணினி 6, பிள்ளைகள் 18. முதல் வாரம் எல்லாரும் வந்தார்கள். மூன்றாவது வாரம் பாதிப் பேரைக் காணோம். ஆர்வத்தை எப்படித் தூண்டுவது?

பதில்:

ஆர்வத்தைத் தூண்டுவதெல்லாம் அப்புறம். அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் மவுஸ் எத்தனை நிமிடம் இருந்தது என்று குறித்துப் பாருங்கள். 6 கணினிக்கு 18 பேர் என்றால் ஒரு கணினிக்கு மூன்று பேர். கொஞ்சம் துடுக்கான பிள்ளையோ, வீட்டில் ஏற்கெனவே லேப்டாப் தொட்ட பிள்ளையோ நடு நாற்காலியைப் பிடித்துவிடும். மற்ற இருவரும் ஒன்றரை மணி நேரம் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நின்றுபோனவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த எட்டிப் பார்த்த கூட்டமாகத்தான் இருப்பார்கள். பதிவேட்டோடு ஒப்பிட்டால் உங்களுக்கே தெரியும்.

ஆகவே முதல் வேலை, குழுவைப் பிரிப்பது. வயதையோ வகுப்பையோ வைத்துப் பிரிக்காதீர்கள். இதற்கு முன் கணினியைத் தொட்டவர்கள் ஒரு குழு, தொடாதவர்கள் இன்னொரு குழு. முதல் குழுவில் 6 பேரும் இரண்டாவதில் 12 பேரும் வந்தாலும் பரவாயில்லை. 12 பேர் இருவர் இருவராக உட்காரலாம், அதற்கு மேல் மட்டும் வேண்டாம். ஒரு குழுவுக்கு 9 மணி, அடுத்ததற்கு 10:30.

இப்படிப் பிரிப்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் கணினி அறிவியல் இளநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களில் பெண்கள் வெறும் 7 விழுக்காடு. 2000-இல் அது 42 ஆனது. அங்கே படித்தவர்களிடம் விரிவாகப் பேசிய ஆய்வாளர்கள் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் கண்டவற்றில் ஒன்று: பல வீடுகளில் கணினி இருந்தது பையனுடைய அறையில். பெண்கள் திறமையில் குறைந்தவர்களாக வரவில்லை, பழக்கத்தில் குறைந்தவர்களாக வந்தார்கள். பல்கலைக்கழகம் சேர்க்கையில் முன் அனுபவத்துக்குக் கொடுத்த எடையைக் குறைத்தது, அனுபவத்துக்கு ஏற்பத் தனித்தனித் தொடக்க வகுப்புகளையும் வைத்தது. நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. பொறியியல் கல்லூரிக் கணினி வகுப்புகளில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 12 வயதில் வீட்டு லேப்டாப்பும் டேட்டாவும் யார் பக்கம் போகின்றன என்பதில் பிட்ஸ்பர்க்குக்கும் பெரம்பலூருக்கும் அவ்வளவு தூரமில்லை.

இருவர் உட்காரும் கணினியில் ஒருத்தி கையை ஓட்டுவாள், மற்றவள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவாள். சொல்பவள் திரையைத் தொடக்கூடாது. போனில் 10 நிமிட அலாரம் வையுங்கள், அடித்ததும் மாற வேண்டும். மவுஸை மட்டும் கைமாற்றினால் இரண்டே நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். நாற்காலியையே மாறி உட்காரச் சொல்லுங்கள்.

சொல்லித்தருபவருக்கும் ஒரு விதி: கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். "நகரு, நான் காட்டறேன்" என்று மவுஸை வாங்கிச் சரிசெய்துவிட்டால், 'இது என்னால் ஆகாத வேலை' என்பதை அந்தப் பிள்ளைக்கு அழுத்தமாகச் சொல்லிவிட்டீர்கள். உதவிக்கு வரும் கல்லூரி மாணவர்கள் இதில் நம்மைவிட மோசம், வேகமாகச் செய்துகாட்டுவதுதான் உதவி என்று நினைப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முதல் நாள் 'கணினி என்றால் என்ன' என்று தொடங்க வேண்டாம். முதல் நிரலாளர் என்று பலர் சொல்லும் ஏடா லவ்லேஸ் 1843-இல் எழுதிய குறிப்புகளைப் பற்றிய சொற்பொழிவும் வேண்டாம். அது நல்ல கதைதான். பிள்ளைகள் நாலு நிரல் எழுதிய பிறகு சொன்னால் காதில் ஏறும். உட்கார்ந்த 10 நிமிடத்துக்குள் திரையில் ஏதாவது நகர்ந்தாக வேண்டும்.

அதற்கு ஸ்க்ராட்ச் (Scratch) போதும். தட்டச்சு செய்யாமல், கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கித் திரையில் இருக்கும் பூனையை நகர்த்தும் மென்பொருள் அது. எம்ஐடி மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, இலவசம். பள்ளி இணையத்தை நம்பாமல், இணையமின்றி ஓடும் பதிப்பை பென் டிரைவில் கொண்டுபோய் வெள்ளிக்கிழமையே 6 கணினியிலும் நிறுவி, ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை காலை நிறுவ உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் போச்சு.

முதல் பாடமாகப் புள்ளிக் கோலம் போடலாம். ஸ்க்ராட்சில் பூனை நகரும் இடத்துக்கு 'மேடை' என்று பெயர். அதன் அகலம் 480, உயரம் 360, நட்ட நடுவில் சுழியம். குறுக்கே அளப்பது எக்ஸ், நெடுக்கே அளப்பது ஒய். இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறை எண்கள் (மைனஸ்). 6-ஆம் வகுப்புப் பிள்ளைக்குக் குறை எண் இன்னும் பழகியிருக்காது. தரையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டு நடக்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். பிறகு இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி, கோடு வரையும் 'பென்' தொகுப்பைச் சேர்க்க வேண்டும். நிரலைத் தொடங்கிவைக்கும் பச்சைக் கொடிக் கட்டத்துக்குக் கீழே வரிசையாக: எல்லாவற்றையும் அழி, பேனாவைத் தூக்கு, எக்ஸ் -80 ஒய் 80-க்குப் போ, திசை 90 (வலப்பக்கம்), பேனா அளவு 6. அதற்கடியில் 'ரிப்பீட் 5' (உள்ளே இருப்பதை 5 முறை செய்), அதற்குள் இன்னொரு 'ரிப்பீட் 5'. உள்ளே இருப்பதில் பேனாவை இறக்கு, தூக்கு, எக்ஸை 40 கூட்டு. உள் ரிப்பீட் முடிந்ததும் எக்ஸை மறுபடி -80 ஆக்கு, ஒய்யை 40 குறை. ஐந்துக்கு ஐந்து புள்ளி வந்துவிடும்.

வராமலும் போகும், அங்கேதான் பாடமே இருக்கிறது. எக்ஸை -80-க்குத் திருப்ப மறந்தால் இரண்டாவது வரிசை முதல் வரிசை முடிந்த இடத்திலிருந்து தொடங்கி வலது ஓரத்தில் போய்க் குவியும். பேனாவைத் தூக்காமல் தொடங்கினால், பழைய இடத்திலிருந்து ஒரு நீளக் கோடு இழுத்துக்கொண்டு வரும். திசையைக் குறிப்பிடாவிட்டால் புள்ளிக்குப் பாதகமில்லை, ஆனால் வடிவம் வரையும்போது முதல் முறை சரியாக வந்தது அடுத்த முறை சாய்ந்துகொண்டு வரும். முக்கோணத்துக்கு எல்லாரும் 60 என்றுதான் போடுவார்கள். பாதி அறுகோணம் போட்டுவிட்டு நிற்கும். வகுப்பில் படித்தது உள்கோணம், பூனை திரும்புவது வெளிக்கோணம், 120. இதையும் தரையில் நடந்தே கண்டுபிடிக்கவிடுங்கள், விடையைச் சொல்ல வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை இது. மேடையின் நடுவில் நின்று, 'ரிப்பீட் 4: 80 நகர், 90 திரும்பு' என்று ஒரு சதுரம், அதன் வெளியே 'ரிப்பீட் 12', ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு 30 திரும்பு. 12 சதுரம் சுழன்று பூப்போல் வர வேண்டும். அந்த 30-ஐ ஒரு பிள்ளை தவறுதலாக உள் ரிப்பீட்டுக்குள் போட்டுவிடுவாள். பூவுக்குப் பதில் ஒற்றை முக்கோணம் வரும்! 90-ம் 30-ம் சேர்ந்து 120 ஆகி, அதே முக்கோணத்தின் மேல் 16 தடவை ஓடியிருக்கிறது. ஏன் என்று அவளே கண்டுபிடித்துவிட்டால், ஒன்றுக்குள் ஒன்றாக வரும் ரிப்பீட்டை அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. திரையைப் பார்த்ததும் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: என்ன வரும்னு நினைச்சே? என்ன வந்துச்சு?

'பெண் பிள்ளை என்றால் கோலம்தானா?' என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் பாடத்துக்குக் கோலம் சரி என்பது என் கட்சி, ஏனென்றால் சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்று அந்தப் பிள்ளைகளுக்கே பார்த்ததும் தெரியும், நம்மைக் கேட்க வேண்டியதில்லை. தவிர, கோலம் ஒன்றும் கணினி அறிவியலுக்கு வெளியில் இருந்து வந்ததல்ல. கோலங்களை வரிசை இலக்கணங்களாக, அதாவது வடிவத்தை உருவாக்கும் விதிகளாக, விவரித்த ஆய்வுக் கட்டுரை 1974-இல் வெளிவந்தது. எழுதியவர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன். மூவரில் இருவர் பெண்கள். ஆனால் இரண்டாவது வாரமும் ரங்கோலி, மூன்றாவது வாரம் பொம்மைக்கு உடை மாற்றும் விளையாட்டு என்று போனால் அது வெறும் ரோஸ் கலர் பூசுவது. இரண்டாவது வாரத்திலிருந்து அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கிரிக்கெட் ஸ்கோர், பேய் துரத்தும் ஆட்டம், ஆசிரியரைக் கிண்டல் செய்யும் கார்ட்டூன், எதுவானாலும் சரி.

பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், அடுத்து வந்த கடினமான புதிர்களில் தடுமாறியதும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகளைவிடத் தொடர்ந்து செய்வதில் குறைந்த ஆர்வமே காட்டினார்கள். நிரல் எழுதும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை தடுமாற வேண்டியிருக்கும், ஆகவே இங்கே இது இன்னும் முக்கியம். "கெட்டிக்காரி" என்பதை விட்டு, "அந்த 30-ஐ வெளியே எடுத்துப் பார்க்கணும்னு உனக்குத் தோணுச்சே" என்று செய்ததைச் சொல்லுங்கள்.

வீட்டுப் பக்கம். சனிக்கிழமை காலையில் தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது என்று பெண் பிள்ளைக்குத்தான் வேலை விழும். தம்பியைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மூலையில் தாளும் கலர் பென்சிலும் போதும். சொல்லாவிட்டால் அவளும் வரமாட்டாள். ஒரு வாரம் வராத பிள்ளை அடுத்த வாரம் வந்து உட்காரும்போது திருதிருவென்று விழிக்கக்கூடாது. எனவே ஒவ்வொரு வாரப் பாடமும் அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிய வேண்டும். நான்காவது வாரம் அம்மாக்களை 20 நிமிடம் வரச் சொல்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம். பிள்ளை தன் கோலத்தை ஓட்டிக் காட்டட்டும். அம்மா "புள்ளியை ஏழாக்கு" என்றால் அங்கேயே மாற்றிக் காட்டட்டும். "இதனால மார்க் வருமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். கோணம், குறை எண், ஆயத்தொலைவு மூன்றும் கணக்குப் பாடத்தில் இருப்பவை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் போன் மட்டும் இருக்கும் பிள்ளைக்குச் சின்னத் திரையில் கட்டங்களை இழுப்பது பெரும்பாடு. அதைவிட ஒரு வரைதாளைக் கொடுத்து, 'இந்த நிரல் என்ன வரையும்?' என்று கையால் வரைந்துவரச் சொல்வது நல்ல வீட்டுப்பாடம். ஸ்க்ராட்ச் தளத்தில் கணக்குத் தொடங்குவதாக இருந்தால் பயனர் பெயரில் சொந்தப் பெயர், ஊர், பள்ளி எதுவும் வரக்கூடாது, புகைப்படமும் கூடாது.

8-ஆம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பைத்தான் (Python) என்ற நிரல் மொழிக்கு நகர்த்தலாம். 'தானி' (Thonny) என்ற இலவச எடிட்டர் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. ஆங்கிலம் என்று பயந்தால், முதலில் வேண்டியவை ஃபார், இன், ரேஞ்ச், இஃப், எல்ஸ், டெஃப் மாதிரி பத்துப் பதினைந்து சொற்கள்தான் என்று பலகையில் எழுதிக் காட்டுங்கள். தான் உருவாக்கும் செயற்கூறுக்கு (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு) 'சதுரம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். பைத்தானோடு வரும் 'டர்ட்டில்' என்ற வரையும் தொகுப்பைக் கொண்டு அதே கோலத்தை மறுபடி போடச் சொன்னால் புதிதாக இருப்பது தட்டச்சு மட்டும்தான். இங்கே கெடுவது வழக்கமாக மூன்று இடத்தில். ஃபார், இஃப், டெஃப் வரும் வரியின் முடிவில் முக்காற்புள்ளி (:) விட்டுப்போகும். இன்புட்டில், அதாவது நிரல் கேட்டுத் தட்டச்சு செய்ததாக, வந்த 5-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 10 வராமல் 55 வரும், அது எண்ணாக மாற்றப்படாத எழுத்து என்பதால். மூன்றாவது, கோப்பையே 'டர்ட்டில்' என்ற பெயரில் சேமித்துவிடுவார்கள். பைத்தான் தன் டர்ட்டிலை விட்டுவிட்டு இந்தக் கோப்பையே இறக்குமதி செய்ய முயன்று, 'ஃபார்வர்ட்' (முன்னே நகர்) என்ற கட்டளை இல்லவே இல்லை என்று சாதிக்கும். பழைய பைத்தான் பதிப்புகளில் பிழைச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் காரணம் எளிதில் பிடிபடாது. கோப்பின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

யாராவது நன்கொடை தருகிறேன் என்றால் விலை உயர்ந்த ரோபோ பெட்டி வாங்காதீர்கள், ஒன்றை மட்டும் வாங்கி எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதில் முடியும். அதே பணத்தில் மைக்ரோபிட் (micro:bit) என்ற, நிரல் ஏற்றி ஓட்டக்கூடிய சின்ன மின்னணுப் பலகைகள் சிலவற்றை வாங்கலாம்: ஒவ்வொன்றிலும் 25 சின்ன விளக்கு, இரண்டு பொத்தான், அசைவை உணரும் சென்சார், ஓட இரண்டு ஏஏஏ பேட்டரி. கணினியில் செருகியும் டிரைவாகத் தெரியவில்லை என்றால் பலகை கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பழைய போன் சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் தகவல் போகும் கம்பியே இருக்காது. வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள்.