‘மேடம் பாடமே நடத்துவதில்லை’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பொறியியல் கல்லூரி ஒன்றில் மென்பொருள் பொறியியல் பாடம் எடுக்கிறேன். இந்த செமஸ்டரில் விரிவுரையைப் பாதியாகக் குறைத்து, மாணவர்களையே விவாதிக்கவும் நிரலைத் திருத்தவும் விட்டேன். ‘மேடம் பாடமே நடத்துவதில்லை’ என்று கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டார்கள். ஆன்லைன் வகுப்பு இன்னும் மோசம். குழுவாகப் பிரித்துவிட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பேசாமல் பழையபடி ஸ்லைடுக்கே போய்விடலாமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

போகாதீர்கள். மாணவர்கள் எழுதியது பொய்யில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். 2019இல் ஹார்வர்டில் லூயி டெலோரியர்ஸ் குழுவினர் இயற்பியல் மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்தால் கூடுதல் மதிப்பெண் எடுத்தது இரண்டாவது வகைதான். தடுமாறும்போது ‘நமக்கு ஒன்றும் புரியவில்லை’ என்று தோன்றுவது இயல்பு. இந்த ஆய்வை செமஸ்டரின் முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். துறைத் தலைவர் கேட்டால், சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கணினி வகுப்புகளைப் பற்றிச் சொல்லலாம். அங்கே நான்கு பாடங்களில் சக மாணவர் விவாத முறைக்கு மாறியபின் தோல்வி விகிதம் சராசரியாக 20 சதவீதத்திலிருந்து 7ஆகக் குறைந்தது.

ஆனால் ‘விவாதியுங்கள்’ என்று பொதுவாக விட்டால் அரட்டைதான் மிஞ்சும். கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும். நிரலில் பிழை தேடும் டெஸ்டிங் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கால் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு என்று சொல்லும் ஒரு ஃபங்ஷனை, அதாவது சிறு நிரல் துண்டைத் திரையில் போடுங்கள். 2023, 2024, 1900, 2000 – எந்த ஆண்டைக் கொடுத்தால் பிழை மாட்டும்? முதலில் யாரோடும் பேசாமல் ஓட்டுப் போடட்டும். நூற்றாண்டுக்குத் தனி விதி உண்டு என்று அரைகுறையாக நினைவிருப்பவர்கள் 2000க்குப் போவார்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி ஓட்டு. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு; 2000 நிஜமாகவே லீப் ஆண்டு என்பதால் அந்த டெஸ்ட் பாஸாகிவிடும், லீப் ஆண்டு அல்லாத 1900தான் பிழையைக் காட்டிக்கொடுக்கும் என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துப் பக்கத்து ஆளுக்கு விளக்குவார். விதிவிலக்கான மதிப்புகளைச் சோதிப்பது பற்றி நீங்கள் பத்து ஸ்லைடு போட்டாலும் அந்த விளக்கத்துக்கு ஈடாகாது. ஹார்வர்டின் எரிக் மசூர் 1990களில் இயற்பியலுக்கென்று தொடங்கிய சக மாணவர் விவாத முறை இதுதான்.

சிலபஸ் முடியுமா என்று கவலை வரும். மென்பொருளைக் கட்டம் கட்டமாக வரிசையாகச் செய்யும் வாட்டர்ஃபால் மாடலின் கட்டங்களையும் வரையறைகளையும் வீட்டில் படித்துவரச் சொல்லுங்கள், அதற்கு வகுப்பு தேவையே இல்லை. அடுத்தவர் எழுதிய நிரலைப் படிப்பது, அதன் நிறைகுறைகளை ரிவ்யூவாகச் சொல்வது, இருவர் ஒரே வரியை மாற்றி, நிரல் மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் கிட் (Git) கருவியில் முட்டிக்கொண்டால் பேசித் தீர்ப்பது – இதெல்லாம் ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் படியும்.

ஆன்லைனுக்கு வருவோம். ஐந்தாறு பேரை ஓர் அறையில் போட்டால் எல்லோரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருப்பார்கள். இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். ஒருவர் திரையைப் பகிர்ந்து டைப் செய்ய வேண்டும், மற்றவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் இடம் மாறட்டும். சொல்பவர் வாய் திறக்காவிட்டால் நிரல் ஒரு வரி நகராது. நெட் சரியில்லாதவர்களுக்குத் திரைப் பகிர்வு முடியாது. அவர்களுக்குச் சாட்டே போதும்: எல்லோரும் பதிலை டைப் செய்து வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். முதலில் பதில் சொல்பவரைப் பார்த்து எழுதும் பழக்கம் அங்கேயே நின்றுவிடும். மதிப்பெண்ணைச் சரியான விடைக்குக் கொடுக்காதீர்கள், கலந்துகொண்டதற்கும் எழுதிய ரிவ்யூவுக்கும் கொடுங்கள்.