சங்கம் ஒருவர் கைபேசிக்குள் இருக்கக் கூடாது

கேள்வி: ஓய்வு பெற்ற பல்கலைக்கழக ஆசிரியர்கள் சங்கம் ஒன்றின் செயலாளராக அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். கடலூர் மாவட்டத்தில் பதிவான சங்கம். உறுப்பினர்கள் சிதம்பரம், நெய்வேலி, கடலூர், புதுச்சேரி என்று சிதறியிருக்கிறார்கள். சிலர் பிள்ளைகளோடு சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பொதுக்குழு அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அது புதைந்துபோனது. "எனக்குத் தகவலே வரவில்லை" என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். நெடுங்காலமாகத் தலைவராக இருப்பவர் விலக நினைக்கிறார். அந்த இடத்துக்கு வர யாருக்கும் மனமில்லை. எதில் தொடங்குவது?

பதில்: நீங்கள் இரண்டு சிக்கல்களைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே தெரிகிறது. யாருக்கு என்ன எண், ஓய்வூதியப் பிரிவில் யாரைப் பார்த்தால் வேலை நடக்கும், யாருடைய நிலுவை எந்த மேசையில் கிடக்கிறது என்பதெல்லாம் தலைவரின் நினைவிலும் கைபேசியிலும் இருக்கும். அதனால் அவரால் விலக முடிவதில்லை. வெளியே நின்று பார்ப்பவருக்கு "இத்தனையையும் நான் எப்படிச் சுமப்பேன்" என்ற மலைப்பு வருகிறது. தகவலைப் பலர் கைக்குக் கொண்டுவந்துவிட்டால் பொறுப்பும் பலர் கைக்கு வரும்.

உறுப்பினர் பதிவேட்டில் தொடங்குங்கள். படிவம் அச்சடித்து அனுப்பாதீர்கள். பெரும்பாலும் திரும்பி வராது. தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். "வணக்கம் சார், சங்கத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் விவரத்தைச் சரிபார்க்கிறோம். வாட்ஸ்அப் பார்க்கிறீர்களா, அல்லது போன் செய்தால் வசதியா, கடிதம்தான் வேண்டுமா? அவசரம் என்றால் வீட்டில் யாரை அழைக்கலாம்?" இவ்வளவு கேட்டால் போதும். காது மந்தமானவர், கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரையைப் பார்க்காதவர், பேரன் கைபேசியைத் தன் எண்ணாகக் கொடுத்திருப்பவர் யார் யார் என்பதெல்லாம் அந்த உரையாடலில் வெளிவரும். துணைவரின் பெயரையும் மகன் அல்லது மகளின் எண்ணையும் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, ஓய்வூதியக் கொடுப்பாணை எண், ஆதார் எண் எதையும் கேட்காதீர்கள். சங்கத்துக்கு அவை தேவையில்லை. தேவையில்லாததைச் சேர்த்து வைத்தால் ஆபத்துதான் சேரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உறுப்பினர் இறந்ததும் இரங்கல் செய்தி போட்டுவிட்டு அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும் பழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. சங்கம் அந்த வீட்டுக்கு அதிகம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். கணவர் கையெழுத்திலேயே குடும்பக் காரியம் முழுவதும் நடந்த வீடுகள் எத்தனையோ உண்டு. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டு, இறந்தபின் கணக்கில் விழுந்த தொகையை எடுத்துச் செலவழித்தால் பின்னால் பிடித்தம் செய்வார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் இதை நிதானமாக எடுத்துச் சொல்ல ஒருவர் நேரில் போக வேண்டும். குடும்ப ஓய்வூதியர்களை இணை உறுப்பினர்களாகச் சேர்க்கச் சங்கத்தின் துணை விதியில் (சங்கம் தனக்கென வகுத்துக்கொண்ட விதிகளில்) இடமில்லை என்றால், வரும் பொதுக்குழுவிலேயே திருத்தம் கொண்டுவாருங்கள்.

இனி வாட்ஸ்அப். இருக்கும் குழுவை அப்படியே விட்டுவிட்டு, நிர்வாகிகள் மட்டுமே செய்தி இட முடிகிற இன்னொரு குழுவை அறிவிப்புகளுக்கென்று தொடங்குங்கள். அதில் வாரத்துக்கு ஓரிரு செய்திக்கு மேல் வரக் கூடாது. குழுவில் சேர்ந்தால் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால், சேர்ப்பதற்கு முன் சம்மதம் கேளுங்கள். சிலர், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலைப் பரிந்துரைப்பார்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். "வரவில்லை" என்ற புகாருக்கு அது இன்னொரு வாசலைத் திறந்துவிடும்.

காலை வணக்கப் படங்களைத் தடை செய்யச் சொல்லி உங்களை நெருக்குவார்கள். இசையாதீர்கள். தனியாக இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அந்தப் படம், "எழுந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன்" என்று ஊருக்குச் சொல்வது. தினமும் அனுப்புகிறவரிடமிருந்து இரண்டு நாள் வரவில்லை என்றால் அழைத்து விசாரிக்க ஒருவரை நியமியுங்கள்.

அறிவிப்பை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். உங்கள் பகுதியில் ஒரே தெருவில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவரும், 1985-இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவரும் இருப்பார்கள். முன்னது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநில அரசின் பொறுப்புக்கு வந்தது. பின்னது மத்தியப் பல்கலைக்கழகம். மத்திய அரசின் அகவிலைப்படி உயர்வுச் செய்தியை யாரோ பகிர, மாநில ஆணை வருவதற்கு முன்பே நிலுவை எங்கே என்று உங்களைக் கேட்பார்கள். ஆகவே ஒவ்வோர் அறிவிப்பின் முதல் வரியிலும் அது யாருக்கு என்று இருக்கட்டும். அடுத்து, என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். பிறகு, சந்தேகம் கேட்க ஒருவரின் பெயரும் எண்ணும். "மத்தியப் பல்கலைக்கழக ஓய்வூதியர்களுக்கு மட்டும்: உயிர்வாழ் சான்றை நவம்பர் 30-க்குள் அளிக்கவும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம்." இப்படி இருந்தால் வாசித்துக் காட்டும் மருமகளுக்கும் உடனே புரியும். அரசாணையின் நகல் கையில் இல்லாத எதையும் அறிவிப்புக் குழுவில் இடாதீர்கள்.

மோசடிக்காரர்கள் உயிர்வாழ் சான்றின் பெயரைச் சொல்லியே ஓய்வூதியர்களைக் குறி வைக்கிறார்கள். "சங்கம் எந்நாளும் ஓடிபி கேட்காது, பணம் கட்ட இணைப்பு அனுப்பாது, ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்" என்பதை மாதம் ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். படித்தவர்கள் என்பதாலேயே வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நம்மிடையே அதிகம்.

பொதுக்குழு அறிவிப்பைப் பொறுத்தவரை வாட்ஸ்அப் கூடுதல் வசதிதான். துணை விதி எத்தனை நாளுக்கு முன், எந்த வழியில் என்று சொல்கிறதோ அப்படியே அனுப்ப வேண்டும். பழைய துணை விதியில் "பதிவு அஞ்சல்" என்று இருக்கலாம். 2025-இல் அந்தச் சேவை விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. வாசகத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், மின்னஞ்சலையும் வழியாகச் சேருங்கள். அனுப்பிய பட்டியலையும் ரசீதையும் தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள்.

திரையை மட்டும் நம்பியிருக்க நம் கடற்கரை விடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பல இடங்களில் மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. பதினைந்து வீடுகளுக்கு ஒருவர் என்று பகுதிப் பொறுப்பாளர்களை நியமியுங்கள். அவர் கையில் காகிதத்தில் அச்சிட்ட அந்தப் பதினைந்து பேரின் பட்டியல் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை எல்லோரையும் அழைத்துப் பார்க்கட்டும். பொதுக்குழுத் தேதியை அவர் குரலில் கேட்டவர் "தகவல் வரவில்லை" என்று சொல்ல மாட்டார்.

அடுத்த தலைவரும் இவர்களிலிருந்துதான் வருவார். "தலைவராகிறீர்களா" என்று கேட்டால் எல்லோரும் பின்வாங்குவார்கள். "உங்கள் தெருப் பக்கம் பதினைந்து பேரை ஆறு மாதம் பார்த்துக்கொள்கிறீர்களா" என்றால் சம்மதிப்பார்கள். ஓய்வு பெற்று ஐந்தாண்டுக்குள் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். உடலில் தெம்பும் அலுவலகத்தில் அறிமுகமும் இருக்கும். பெண் பேராசிரியர்களை நன்றியுரை சொல்ல மட்டும் அழைக்கும் வழக்கம் இருந்தால் அதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். ஓய்வூதியக் குறைகள், மருத்துவக் காப்பீடு, கூட்ட ஏற்பாடு என்று செயலாளர் வேலையை மூன்றாகப் பிரித்து மூன்று பெயர்களை அறிவியுங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 செயற்குழுவின் பதவிக்காலத்தை மூன்றாண்டுக்கு மேல் போக விடுவதில்லை. மறுபடி தேர்வாகலாம் என்பதால்தான் ஒருவரே தொடர்கிறார். அடுத்தடுத்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவியில் இல்லை என்று துணை விதியில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். புதுச்சேரியில் பதிவான சங்கங்களுக்கு 1860-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம்; அதன்படி ஆண்டுப் பொதுக்குழு முடிந்த 14 நாட்களுக்குள் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும்.

இப்போதைய தலைவரை ஓராண்டுக்கு ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள். அவர் விலகும் நாளுக்குக் காத்திராமல் இந்த மாதமே அவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய், பழைய கடிதக் கோப்புகளைப் பார்த்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று நிர்வாகிகளாவது இருக்க வேண்டும். தேர்தல் முடிந்ததும் வங்கிக் கையெழுத்து மாற்றத்துக்கான தீர்மான நகலையும், நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவத்தையும் ஒரே வாரத்தில் அனுப்பிவிடுங்கள். இவை தாமதமானால் சந்தா வங்கியில் இருந்தும் எடுக்க முடியாமல் போகும்.