பூமியின் உடல்நிலையை எப்படி அளக்கிறார்கள்? கேள்வி பதில்

சுற்றுச்சூழல் அறிவியல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நிவேதா: மேடம், சூழலியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் ஒன்றுதானே?

இல்லைம்மா. உயிர்களுக்கும் அவை வாழும் சூழலுக்கும் உள்ள உறவைப் பார்ப்பது சூழலியல். சுற்றுச்சூழல் அறிவியலில் அது ஒரு பகுதி. வேதியியல், நிலவியல், வளிமண்டல இயற்பியல், நிறையப் புள்ளியியல் எல்லாம் இதில் உண்டு. சேருகிறவர்கள் பலர் திணறுவது கடைசியில் சொன்னதில்தான்.

ரகு: பூமியின் ஆரோக்கியத்துக்கு ஒரே மதிப்பெண் போட முடியாதா?

போடலாம், ஆனால் பிரயோஜனம் இருக்காது. ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது, கடலோ சூடாகிக்கொண்டே போகிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் என்ன தெரியப்போகிறது? அதனால்தான் 2009-இல் சுவீடன் விஞ்ஞானி யோஹான் ராக்ஸ்ட்ரோம் குழுவினர் தட்பவெப்பம், நன்னீர், உயிரினப் பன்மை என்று 9 அம்சங்களுக்குத் தனித்தனியாகத் தாண்டக்கூடாத எல்லை வகுத்தார்கள். 2023-இல் வந்த மதிப்பீட்டின்படி அவற்றில் 6 எல்லைகளைத் தாண்டிவிட்டோம்.

செல்வம்: கார்பன் டை ஆக்சைடை எரிமலை மேல் உட்கார்ந்து அளக்கிறார்களாம். எரிமலையே அந்த வாயுவைக் கக்குமே, கணக்கு எப்படிச் சரியாக வரும்?

நியாயமான சந்தேகம். ஹவாய் தீவின் மௌனா லோவாவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஆய்வகம். 1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் அங்கே அளவீட்டைத் தொடங்கினார். சுற்றிலும் பரந்த கடல், பக்கத்தில் காடோ தொழிற்சாலையோ இல்லை. அதனால் நன்றாகக் கலந்த காற்று கிடைக்கிறது.

எரிமலை வாயு வந்தால் அது உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கடலிலிருந்து வரும் காற்றில் அளவு மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். வாயுத் துளைகள் பக்கமிருந்து வீசினாலோ சில நிமிடங்களுக்குள்ளேயே தாறுமாறாகக் குதிக்கும். அந்த நேரத்து அளவுகளை ஒதுக்கிவிடுவார்கள். கருவியையும் அப்படியே நம்பிவிடுவதில்லை: செறிவு துல்லியமாகத் தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர்களை அடிக்கடி உள்ளே விட்டு, சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், எரிமலையே பக்கத்தில் இல்லாத தென் துருவ நிலையத்திலும் இதே ஏறுமுகம்தான்.

1958-இல் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பனிப்பாளத்தில் சிக்கிய பழைய காற்றுக் குமிழிகளை ஆராய்ந்தால், தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. வரைபடத்தில் ஆண்டுதோறும் ஒரு ஏற்ற இறக்கம் தெரியும். வட அரைக்கோளச் செடி கொடிகள் கோடையில் வாயுவை இழுத்துக்கொண்டு, குளிர்காலத்தில் திருப்பிவிடுவதால் வருவது அது.

செல்வம்: சரி மேடம், அது நாம் எரித்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

காற்றிலுள்ள கார்பனில் மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்ற கதிரியக்க வகை, அது காலப்போக்கில் சிதைந்துபோகும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது மிச்சமே இருக்காது. அவற்றை எரித்து வரும் வாயு, காற்றில் கார்பன்-14-இன் விகிதத்தைக் குறைக்கிறது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும் அல்லவா, அதுவும் மிகச் சிறிய அளவில் குறைந்துவருவதை அளந்திருக்கிறார்கள்.

பர்வீன்: 1970-க்குப் பிறகு உலகில் 73% விலங்குகள் அழிந்துவிட்டன என்பது உண்மையா?

அந்த எண் உலக வனவிலங்கு நிதியம் (WWF) 2024-இல் வெளியிட்ட வாழும் கோள் அறிக்கையின் குறியீட்டில் வந்தது. ஆனால் அது சொல்வது வேறு. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு பறவைக் கூட்டம் 1,000-லிருந்து 900 ஆகிறது, ஒரு புலிக் கூட்டம் 10-லிருந்து 1 ஆகிறது. மொத்தம் 1,010-இல் போனது 109, அதாவது சுமார் 11%. இந்தக் குறியீடு பயன்படுத்துவது பெருக்குச் சராசரியை: 0.9-ஐ 0.1-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.3. ஆக, சரிவு 70%!

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கண்காணிக்கப்படும் முதுகெலும்பிக் கூட்டங்கள் சராசரியாக எவ்வளவு சுருங்கின என்பதைத்தான் அது சொல்கிறது. 'இத்தனை விலங்குகள் செத்தன' என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

தாமஸ்: ஆழ்கடலின் வெப்பத்தை யார் போய் அளக்கிறார்கள்?

யாரும் போவதில்லை. ஆர்கோ என்ற திட்டத்தில் ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகள் உலகெங்கும் அலைகின்றன. பெரும்பாலும் 1,000 மீட்டர் ஆழத்தில் கிடக்கும். சுமார் 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90% கடலுக்குள்தான் போகிறது என்பதால், காய்ச்சல் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

மாலதி: பள்ளிப் பிள்ளைகளை வைத்து எதையாவது அளக்க முடியுமா?

தாராளமாக. ஒரு வெப்பமானியும் மழைமானியும் போதும். வெப்பமானி நிழலில், காற்றோட்டத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். சுவரில் ஆணி அடித்து மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். தினமும் ஒரே நேரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். விடுபட்ட நாளைப் பிள்ளைகள் குத்துமதிப்பாக நிரப்பப் பார்ப்பார்கள், காலியாகவே விடச் சொல்லுங்கள். அப்புறம், கருவியை இடம் மாற்றினால் தேதியோடு நோட்டில் எழுதிவிடுங்கள்.