கேள்வி – பதில்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டும் ஒளிபரப்பு உரிமையும்

ஐபிஎல் உரிமையை பிசிசிஐ மொத்தமாக ஏலம் விடுகிறது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மட்டும் ஏன் ஒவ்வொரு கல்லூரிக் கூட்டணிக்கும் தனி ஒப்பந்தம்?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

ஃபுட்பால் என்றால் இங்கே நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். 1984 வரை அங்கேயும் ஒரே கைதான். எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஒரு கல்லூரி எத்தனை தடவை வரலாம் என்பதையெல்லாம் என்சிஏஏ என்கிற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் தரப்பு வழக்குப் போட்டது. வியாபாரப் போட்டியை முடக்கும் ஏற்பாடு இது என்று அந்த ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஃபுட்பால் உரிமை கல்லூரிகளின் கைக்கு வந்தது. அவை தாங்கள் சேர்ந்திருக்கும் கான்ஃபரன்ஸிடம், அதாவது கல்லூரிக் கூட்டணியிடம், அதை ஒப்படைத்துச் சேர்ந்து விற்கின்றன. ஃபுட்பாலில் தனியாக விற்கும் பெரிய பெயர் நோட்ர டேம் பல்கலைக்கழகம். அதன் சொந்த மைதான ஆட்டங்கள் 1991 முதல் என்பிசியில் வருகின்றன.

மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டி மட்டும் இன்றும் என்சிஏஏவின் சொத்து. கல்லூரி விளையாட்டுச் செய்தி படிக்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்தக் கணக்கும் சேராது.

ஐபிஎல்லுடன் உள்ள பெரிய வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. 2022 ஜூன் ஏலத்தில் 2023–27க்கான உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் தனக்கு வரும் பங்கு போதாது என்று சென்னை அணி இன்னொரு லீகில் போய்ச் சேர முடியாது. அமெரிக்கக் கல்லூரி சேரலாம். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும் நேரத்திலும் அணிகள் இடம் மாறுவது அதனால்தான்.

நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் ஃபுட்பாலில் பெரிய அணி அல்ல. பிக் டென் கான்ஃபரன்ஸ் அதை ஏன் இழுத்துக்கொண்டது?
– வாசகர், ஜெயநகர்

வீடுகளின் எண்ணிக்கைக்காக. 2007இல் ஃபாக்ஸுடன் சேர்ந்து பிக் டென் சொந்த சேனல் தொடங்கியது. உறுப்பினர் கல்லூரி இருக்கும் மாநிலத்தில் அந்த சேனலுக்கு கேபிள்காரர் மாதாமாதம் தரும் தொகை அதிகம்; மற்ற மாநிலங்களில் மிகக் குறைவு. 2014இல் ரட்கர்ஸும் மேரிலாந்தும் சேர்ந்ததும் நியூயார்க் வட்டாரமும் வாஷிங்டன் டிசி வட்டாரமும் சொந்தச் சந்தையாக மாறின. இங்கே 2019இல் டிராய் விதி வந்தபிறகு வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அங்கே கேபிள் கட்டு முழுசாக வரும். ஃபுட்பால் பார்க்காத வீடும் பணம் கட்டும். கேபிளைத் துண்டிப்பவர்கள் பெருகிய பின் இந்தக் கணக்கு வலுவிழந்துவிட்டது. இப்போது ஒரு கல்லூரியைச் சேர்க்கும் முன் பார்ப்பது, அதன் ஆட்டத்தை எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதை.

ஸ்ட்ரீமிங் துறையில் வேலை பார்க்கிறேன். மேற்குக் கரைப் பக்கத்துக் கல்லூரிகளின் பாக்-12 கான்ஃபரன்ஸ் அவ்வளவு சீக்கிரம் உடைந்ததற்கு ஆப்பிள் ஒப்பந்தம்தான் காரணமா?
– வாசகி, வைட்ஃபீல்ட்

கடைசி அடி அது. அதற்கு முன்பே மூன்று அடி விழுந்திருந்தது.

2012இல் பாக்-12 தன் சேனல்களை யாரையும் பங்காளியாகச் சேர்க்காமல் முழுக்கச் சொந்தமாகவே தொடங்கியது. லாபம் முழுசும் நமக்கே என்ற கணக்கு. ஆனால் சேனலை ஏற்கும்படி கேபிள், டிஷ் நிறுவனங்களை நெருக்க ஒரு பெரிய ஒளிபரப்பாளர் பின்னால் இல்லை. டிஷ் நிறுவனமான டைரக்டிவி கடைசிவரை அந்த சேனல்களை எடுக்கவே இல்லை.

இரண்டாவது, 2022 ஜூன் 30. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. பாக்-12இன் உரிமை ஒப்பந்தம் 2024 கோடையில் முடிய இருந்த நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் சந்தையே கைவிட்டுப் போனது. ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் கூறின.

மூன்றாவது அடிதான் என் கணிப்பில் தீர்மானமானது. பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸின் ஒப்பந்தம் முடிய 2025 வரை நேரம் இருந்தது. வரிசைப்படி பாக்-12தான் முதலில் சந்தைக்குப் போக வேண்டும். பிக் 12 கமிஷனர் பிரெட் யோர்மார்க் காத்திருக்கவில்லை. முன்கூட்டியே பேசி, 2022 அக்டோபரில் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டிடமும் 2031 வரை நீட்டிப்பு வாங்கிவிட்டார். கல்லூரிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3.17 கோடி டாலர் என்று கணக்கு வெளியானது. வாங்கக்கூடியவர்களின் பை காலியானபோதும் பாக்-12இன் பேரம் முடியவில்லை.

கடைசியில் கிடைத்தது ஆப்பிள் தன் ஸ்ட்ரீமிங்குக்காக முன்வைத்த ஒப்பந்தம். அதில் உறுதியான தொகை குறைவு. சந்தாதாரர் ஏறினால் தொகையும் ஏறும். பயிற்சியாளர் சம்பளமும் மைதானக் கடன் தவணையும் மாதந்தோறும் கட்ட வேண்டிய கல்லூரிக்கு, ஏறினால் வரும் பணத்தை வைத்து பட்ஜெட் போட முடியாது. கொலராடோ 2023 ஜூலையில் கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கும் போயின. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லான்டிக் கரைக்குரிய ஏசிசியில் குறைந்த பங்குக்குச் சேர்ந்தன. ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் தனித்து நின்றன. அந்த இரண்டு கல்லூரிகளின் ஊர்களும் எந்தத் தவறும் செய்யாமல் அடிபட்டன என்றே சொல்வேன்.

உங்கள் துறைக்குப் பயன்படும் இன்னொரு நுணுக்கம், 'ப்ரோ ராட்டா' விதி. 12 கல்லூரி, ஆளுக்கு 3 கோடி டாலர், மொத்தம் 36 கோடி என்று வையுங்கள். இந்த விதி இல்லாமல் இரண்டு பேரைச் சேர்த்தால் பங்கு 2.57 கோடியாக இறங்கும். பழைய உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களிப்பார்கள். விதி இருந்தால் புதியவருக்கான 3 கோடியையும் ஒளிபரப்பாளரே கூடுதலாகத் தருவார். பிக் 12இன் ஈஎஸ்பிஎன் ஒப்பந்தத்தில் பெரிய கான்ஃபரன்ஸ் கல்லூரிகளுக்கு அப்படி ஒரு விதி இருந்ததால்தான் அதன் கதவு திறந்தே இருந்தது.

வெளியேறும் கட்டணமும் 'கிரான்ட் ஆஃப் ரைட்ஸ்' என்பதும் ஒன்றா?
– சட்ட மாணவி, நாகரபாவி

இல்லை, பின்னதுதான் கடினமான பூட்டு. வெளியேறும் கட்டணம், கான்ஃபரன்ஸை விட்டு விலகக் கட்டும் ஒரு தொகை. கட்டினால் விவகாரம் தீர்ந்தது. கிரான்ட் ஆஃப் ரைட்ஸ் என்பது சொத்தையே எழுதிக் கொடுப்பது. கல்லூரி தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுவரை கான்ஃபரன்ஸுக்கு மாற்றிவிடுகிறது. விலகிப் போனாலும் அந்த உரிமை பழைய இடத்திலேயே நிற்கும். டிவியில் காட்ட உரிமையில்லாத அணியைப் புதிய கான்ஃபரன்ஸ் எதற்குச் சேர்க்கும்?

பிக் 12இல் இருந்த டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசி என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸுக்குப் போக 2021இலேயே முடிவெடுத்தும் 2024 வரை காத்திருந்தது இதனால்தான். ஓர் ஆண்டு முன்னதாகக் கிளம்ப இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தன. ஏசிசியில் பூட்டு 2036 வரை. ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. வருவாயில் ஒரு பகுதி இனி பார்வையாளர் எண்ணிக்கைப்படி பிரியும். வெளியேறும் கட்டணம் ஆண்டுதோறும் இறங்கி 2030–31இல் 7.5 கோடி டாலருக்கு வரும். கட்டிவிட்டுப் போகிறவர் ஒளிபரப்பு உரிமையையும் உடன் எடுத்துப் போகலாம்.

பிக் டென் ஒப்பந்தம் 2030இலும் பிக் 12 ஒப்பந்தம் 2031இலும் முடிகின்றன. ஏசிசி கட்டணம் இறங்கி நிற்கும் ஆண்டையும் சேர்த்தால் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. அடுத்த பெரிய இடப்பெயர்ச்சி அந்த வாக்கில்தான் என்று எண்ணுகிறேன். பேச்சு அதற்கு இரண்டு ஆண்டு முன்பே தொடங்கிவிடும்.

மகள் மாநில அளவில் நீச்சல் வீராங்கனை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். இந்த மாற்றங்களால் அவளுக்கு என்ன?
– பெற்றோர், பசவனகுடி

நிறையவே இருக்கிறது. ஒளிபரப்புப் பணம் ஃபுட்பாலுக்காக வருகிறது, கான்ஃபரன்ஸ்கள் கரைக்குக் கரை விரிந்ததால் வரும் அலைச்சலும் செலவுக் குறைப்பும் மற்ற விளையாட்டுப் பிள்ளைகள் தலையில் விழுகின்றன. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற 'ஹவுஸ்' என்ற வழக்கின் சமரசத்தின்படி, கல்லூரிகள் தம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025–26இல் உச்சவரம்பு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. கலிஃபோர்னியாவின் கால் பாலி இந்தச் சமரசத்தையும் காரணமாகச் சொல்லி 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே கலைத்தது.

பயிற்சியாளரிடம் இவற்றைக் கேளுங்கள். உதவித்தொகை ஓர் ஆண்டுக்கா, பட்டம் முடியும்வரையா? அணியைக் கலைத்தாலும் தொடருமா? இரண்டுக்கும் மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் உதவித்தொகை எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆகவே இடம் உறுதியா, தேர்வு வைத்துத்தானா என்றும் கேட்க வேண்டும். பருவத்தில் எத்தனை வகுப்பு நாள் பயணத்தில் போகும் என்பதும் முக்கியம். ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, அங்கே பண உதவி குடும்ப வருமானத்தைப் பொறுத்தது.

விளம்பரப் பணம் பற்றி ஏஜென்ட் யாராவது பேசினால் நிதானியுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு உண்டு. கையெழுத்துப் போடுமுன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் நகரக் கூடாது.

பிக் டென் ஆட்டங்கள் நம் நேரப்படி எப்போது?
– வாசகர், இந்திரா நகர்

சனிக்கிழமை இரவு 9.30க்கு ஃபாக்ஸின் நண்பகல் ஆட்டம், நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு சிபிஎஸ், ஞாயிறு விடிகாலை 5 மணிக்கு என்பிசி. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் ஒவ்வொன்றோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.