சிவப்பு பட்டனை அமுக்கினால்தான் மோட்டார் ஓடுகிறது!

கேள்வி: கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் சிவப்பு பட்டனின் பிளாக்கை (பட்டனுக்குப் பின்னால் இணைப்பைச் சேர்க்கும், பிரிக்கும் பாகம்) மாற்றினேன். இப்போது பச்சை, சிவப்பு இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மோட்டார் ஓடுகிறது. ஏன்?

பதில்: என்.சி. (நார்மலி க்ளோஸ்டு) இருக்க வேண்டிய இடத்தில் என்.ஓ. (நார்மலி ஓப்பன்) பிளாக்கை மாட்டியிருக்கிறீர்கள். ‘நார்மல்’ என்பது மோட்டார் ஓடும் நிலை அல்ல. பட்டனில் யாரும் கை வைக்காத நிலை. அப்போது இணைப்பு இருந்தால் என்.சி., இல்லாவிட்டால் என்.ஓ.

டெர்மினல் எண்ணைப் பாருங்கள். 1, 2 என முடிந்தால் (11-12, 21-22) என்.சி.; 3, 4 என முடிந்தால் (13-14) என்.ஓ. எண் அழிந்திருந்தால் மெயினை அணைத்து, ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை பஸ்ஸரில் வையுங்கள். அமுக்காமலே சத்தம் வந்தால் என்.சி.

ஸ்டாப் பட்டனுக்கு என்.சி. கட்டாயம். ஒயர் அறுந்தாலும் ஸ்க்ரூ தளர்ந்தாலும் கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் காந்த சுவிட்ச்) காயிலுக்குக் கரண்ட் நின்று மோட்டார் தானே அணைந்துவிடும். ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அதிக கரண்ட் இழுத்தால் நிறுத்தும் பாகம்) என்.சி.யான 95-96ஐயும் இதே காரணத்துக்காகத்தான் காயிலுக்கு வரிசையில் கொடுக்கிறார்கள். (97-98 வெறும், ரிலே மோட்டாரை நிறுத்தியதைக் காட்டும் டிரிப் விளக்குக்கு.)

மாற்றிய பிறகும் பச்சையிலிருந்து விரலை எடுத்ததும் மோட்டார் நின்றால், விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்டைத் தொடர வைக்க, பச்சைக்கு இணையாக வரும் கான்டாக்டரின் 13-14 ஒயரைச் சோதியுங்கள்.